நான்கு கோடி இலக்கப் பகா எண்ணைச் சோதிப்பது எப்படி?

2024 அக்டோபரில் ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வலர் திட்டத்தில் லூக் டுரான்ட் கண்டறிந்த பகா எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதுவரை அறிந்த பகா எண்களில் அதுவே மிகப் பெரியது. தசம முறையில் எழுத 4,10,24,320 இலக்கங்கள் வேண்டும். இரும முறையிலோ 13,62,79,841 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவே ஒரு பூஜ்ஜியம்கூட இராது. சோதனையைச் சாத்தியமாக்குவதே இந்த அமைப்புதான்.

வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்க்கும் பள்ளிக்கூட முறை இங்கே உதவாது. அந்த வர்க்கமூலத்துக்கே இரண்டு கோடிக்கு மேல் இலக்கங்கள். லூக்கா–லெமர் சோதனை வேறு வழியில் போகிறது. 4-இல் தொடங்குங்கள். அதை வர்க்கமாக்கி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி பூஜ்ஜியமானால் அது பகா எண், இல்லாவிட்டால் பகு எண். அடுக்கு மட்டும் 2-ஐத் தவிர்த்த பகா எண்ணாக இருக்க வேண்டும்.

2⁷ − 1 = 127-க்கு ஐந்து படிகள்: 4, 14, 67, 42, 111, 0. ஆகவே பகா எண். 2¹¹ − 1 = 2047-க்கு ஒன்பதாம் படியில் 1736 மிஞ்சும், ஆகவே பகு எண். அதன் காரணிகள் 23, 89 என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது.

மீதி காண வகுக்கவே தேவையில்லை என்பது இதன் பேரழகு. 67-இன் வர்க்கத்தில் 2 போனால் 4487. அதில் 35 தடவை 128-உம், மேலே 7-உம் உள்ளன. 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் 35-ஐயும் 7-ஐயும் கூட்டினால் போதும்: 42. கணினிக்கு இது பிட்டுகளை வெட்டிக் கூட்டுகிற வேலைதான்.

சுமையெல்லாம் வர்க்கமாக்குவதில்தான். எண்ணைச் சுமார் 18 பிட் துண்டுகளாக நறுக்கி, மிகப் பெரிய எண்களை விரைவாகப் பெருக்க உதவும் வேக ஃபூரியே உருமாற்றம் வழியாகப் பெருக்குகிறார்கள். துண்டு பெரிதானால் தசமப் புள்ளிக் கணக்கில் முழுமையாக்கும்போது பிழை நுழையும். சிறிதானால் துண்டுகள் பெருகி நேரம் இழுக்கும். நினைவகத்தில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அதன்பின் வரும் படிகள் அத்தனையும் வீண்.

அதனால் எடுத்த எடுப்பில் இந்தச் சோதனைக்குப் போவதில்லை. முதலில் சிறு காரணி தேடுவார்கள். 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த இத்தகைய எண்ணின் எந்தப் பகாக் காரணியும் அடுக்கின் இருமடங்கால் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும் (23-உம் 89-உம் 22-ஆல் வகுத்தால் 1 தருகின்றன). 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 தர வேண்டும். இதில் தப்பியவை ஃபெர்மா சோதனைக்குப் போகும். அது பகா எண் என்று நிரூபிக்காது, ஆனால் நடுவில் நேரும் கணக்குப் பிழையை வலுவாகப் பிடித்துவிடும் சரிபார்ப்பு அதற்கு உண்டு. அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த என்விடியா ஏ100 என்ற ஒரு வரைகலைச் செயலி (GPU) சொன்னது "அநேகமாகப் பகா எண்" என்பது மட்டுமே. பிறகு வெவ்வேறு வன்பொருளில், வெவ்வேறு நிரல்களில் லூக்கா–லெமர் சோதனையை ஓட்டி உறுதி செய்தார்கள்.

இந்த வகையில் அறியப்பட்ட 52-ஆவது பகா எண் இது. வரிசையிலும் 52-ஆவதுதானா என்று சொல்ல, இதைவிடச் சிறிய அடுக்குகள் ஒவ்வொன்றின் முடிவும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.