மயலின்: மச்சையா, உறையா?

நல்லி எலும்பைத் தட்டினால் வழுக்கி விழும் கொழுகொழுப்பான பொருளை மச்சை என்கிறோம். மூளை என்றும் சொல்வதுண்டு. சித்த மருத்துவம் எண்ணும் ஏழு உடல் தாதுக்களில் ஆறாவதான மூளை இந்த மச்சைதான். கிரேக்கத்தில் இதற்கு 'மியெலோஸ்' என்று பெயர். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தையும் கிரேக்கர் அதே சொல்லால் அழைத்தார்கள். அதனால்தான் எலும்பு மச்சையில் வரும் புற்று மையலோமா என்றும், தண்டுவட அழற்சி மையலைட்டிஸ் என்றும் பெயர் பெற்றன. ஒரே வேரில் கிளைத்தவை என்றாலும் இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

மயலினும் அந்த வேரில் பிறந்ததே. நரம்பிழைகளின் மேல் படிந்திருக்கும் வெண்ணிறக் கொழுப்பைப் பார்த்து, ஜெர்மானிய நோயியலறிஞர் ருடால்ஃப் விர்ஷோ 1854இல் இந்தப் பெயரை வைத்தார். நிறமும் குழைவும் மச்சையைப் போலத்தான். ஆனால் இருக்குமிடம் நேர்மாறு: மச்சை எலும்புக்கு உள்ளே, மயலின் நரம்பிழைக்கு வெளியே. பெயரை அப்படியே பெயர்த்து 'நரம்பு மச்சை' என்று எழுதினால், நரம்பைச் சுற்றியிருப்பதை நரம்புக்குள் இருப்பதாகப் படிப்பவர் நினைத்துவிடுவார். பாடநூல்களில் வரும் 'மயலின் உறை' இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. எழுத்துக்கூட்டல் 'மயலின்' என்றே இருக்கட்டும். 'மையலின்' ஒலிக்கு நெருக்கமானதுதான். ஆனால் நம் கண் அதை 'மையல்' என்ற சொல்லின் வேற்றுமை வடிவமாகப் படித்துவிடும். முழுத் தமிழில் வேண்டுமென்றால் 'நரம்புக் கொழுப்புறை' பொருந்தும். ஈரம் நீக்கி எடை பார்த்தால் மயலினில் 70 முதல் 80 விழுக்காடு கொழுப்புதான்.

இந்த உறை நரம்பிழையின் மேல் பூசப்பட்ட பூச்சு அல்ல, சுற்றப்பட்ட சுருள். மூளையிலும் தண்டுவடத்திலும் இதைச் செய்வது ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற செல். 'சில கிளைகளே உள்ள செல்' என்று பொருள். அதன் ஒரு கை நீண்டு, விரலில் துணிக்கட்டு போடுவதுபோல் இழையைச் சுற்றிச்சுற்றி வரும். அடுக்குகளுக்கு நடுவிலிருக்கும் செல் நீர் பிதுங்கி வெளியேற, சவ்வுகள் ஒன்றோடொன்று இறுகிவிடும். இப்படி ஒரே செல் ஏறக்குறைய 50 துண்டுகள் வரை உறை போடும். ஆகவே ஒரு செல் செத்தால் பல இழைகளில் உறை போகிறது. கைகால் நரம்புகளில் உறை போடுவது ஷ்வான் செல். அது ஒரு துண்டோடு நின்றுவிடும். ஷ்வான் செல் போட்ட உறையைத் தாக்குவது கியான்-பாரே நோய். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் தாக்குவது ஒலிகோடெண்ட்ரோசைட் போட்ட உறையை.

இரண்டு துண்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளி ரான்வியர் கணு. மூங்கில் கணுபோலத் தோன்றும் இதன் அகலம் சுமார் ஒரு மைக்ரோமீட்டர். சமிக்ஞையைக் கிளப்பும் சோடியம் அயனிகள் இழைக்குள் நுழையும் சோடியம் வாயில்கள் இங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. மின்சமிக்ஞை கணுவுக்குக் கணு தாவுகிறது. உறையில்லாத இழையில் அதன் வேகம் நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர். தடித்த உறையுள்ள இழையில் 120 மீட்டரை எட்டும். உறை கழன்றால் மின்னோட்டம் கசியும். திறந்துகிடக்கும் இடத்தில் வாயில்கள் போதாததால் சமிக்ஞை தாமதமாகும் அல்லது நின்றே போகும். உடல் சூடேறினால் இந்தத் தடை இன்னும் கூடும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவருக்கு வெந்நீர்க் குளியலுக்குப் பின் பார்வை மங்கி, உடல் குளிர்ந்ததும் தெளிவது இதனால்தான். இதற்கு ஊத்தோஃப் நிகழ்வு என்று பெயர். அது நோயின் புதிய தாக்குதல் அல்ல.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் தமிழ்ப் பெயரிலும் ஒரு திருத்தம் தேவை. 1868இல் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இதை விவரித்தபோது வைத்த பெயருக்குத் 'திட்டுத்திட்டான தடிப்பு' என்று பொருள். ஸ்கிளிரோசிஸ் என்றால் கடினமாதல். தமிழில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று எழுதுவோர் உண்டு. அது இரண்டு வகையில் பிழை. உறை அழிந்து தடித்த திட்டுகள் மூளையிலும் பார்வை நரம்பிலும் வருகின்றன. மரப்பு என்றால் நமக்கு உணர்ச்சியற்றுப் போவது. அது அறிகுறிகளுள் ஒன்று, அவ்வளவே. 'பல்லிடத் தடிப்பு நோய்' சரியாக வரும். விளம்பரங்களில் அடிபடும் 'நரம்புத் தளர்ச்சி'க்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தச் சொல்லை நம்பி லேகியம் வாங்கும் மாதங்களில் திட்டுகள் பெருகும்.

உறை அழிவதை 'உறையழிவு' என்றும், திரும்ப உருவாவதை 'உறை மீள்வு' என்றும் சொல்லலாம். பெரியவர்களின் மூளையிலும் ஒலிகோடெண்ட்ரோசைட்டின் முன்னோடிச் செல்கள் பரவிக் கிடக்கின்றன. அவை திட்டை நோக்கி நகர்ந்து, பெருகி, முதிர்ந்து, பிறகே உறை சுற்றும். சிக்கல் பெரும்பாலும் முதிரும் படியில். உடைந்த மயலின் குப்பையை மூளையின் துப்புரவுச் செல்களான மைக்ரோகிளியா அள்ளி முடிக்காவிட்டால், முன்னோடிச் செல்கள் வந்து சேர்ந்தும் முதிராமல் நிற்கும். வயது ஏற ஏற அள்ளுவதும் முதிர்வதும் மந்தமாகின்றன. மீண்ட உறை பழையதைவிட மெல்லியது, துண்டுகளும் குட்டை. மூளைத் திசுவைச் சாயமேற்றிப் பார்த்தால் வெளிறித் தெரியும் இப்பகுதிகளை 'நிழல் திட்டு' என்கிறார்கள். மெல்லியதானாலும் அந்த உறை சமிக்ஞையைக் கடத்தும், இழையைப் பட்டுப்போகாமலும் காக்கும்.

'உறை மீள்வு' என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தக் கூடாது. நோய்த் தாக்குதலின்போது நாளுக்கு ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் ஏற்றும் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அழற்சியைத்தான் தணிக்கும். கை அசையத் தொடங்கியதும் மயலின் வளர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வீக்கம் வடிந்ததாலும், சோடியம் வாயில்கள் இழை நெடுகப் பரவியதாலும்கூட அது நடக்கும். இண்டர்ஃபெரான், ஓக்ரெலிசுமாப் போன்ற மருந்துகள் புதிய உறையழிவைக் குறைக்கின்றன. பழைய திட்டில் உறை போடுவதில்லை. உறை போடவைக்கும் மருந்தைத் தேடும் ஆய்வில், ஒவ்வாமைக்குத் தரும் கிளெமாஸ்டின் 2017இல் ஒரு சிறு சோதனையில் பார்வை நரம்பின் சமிக்ஞைத் தாமதத்தை 2 மில்லிநொடிக்கும் சற்றுக் குறைவாகச் சுருக்கியது. 50 பேரிடம் கண்ட அந்த அளவு, மாத்திரையை நாமே வாங்கி விழுங்குவதற்கு ஆதாரம் ஆகாது.