வரைபுக் கணிப்பான்: 'கிராஃபிங் கால்குலேட்டர்' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் சமன்பாட்டைக் கோடாக வரைந்து காட்டும் டிஐ-84 பிளஸ் என்ற கால்குலேட்டர் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் முன் கரும்பலகையில் 'வரைபடக் கணிப்பான்' என்று எழுதினேன். முன்வரிசையில் இருந்த பெண் எழுந்து, "சார், இதுல நம்ம பாலக்காடு மேப் வருங்களா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. சமூக அறிவியலில் இந்திய வரைபடம், கணக்கில் சமன்பாட்டின் வரைபடம். ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வேலை வாங்குகிறோம்.

முதலில் கால்குலேட்டர். லத்தீனில் 'கால்குலஸ்' என்றால் சிறு கல். கல்லை நகர்த்தி எண்ணியதால் கணக்கிடுவதற்கே அந்தப் பெயர் வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பாலக்காட்டில் கணியார் கவடி நிரத்திப் பிரசினம், அதாவது சோதிடம், பார்ப்பதை இன்றும் காணலாம். கவடி என்பது நம் சோழிதான். கணியன் என்றால் நாளும் கோளும் கணிப்பவன். பூங்குன்றனார் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இன்னும் நிற்கிறது. அங்கே கல், இங்கே சோழி. ஆகவே 'கணிப்பான்' என்பது எனக்குப் பிடித்த சொல். துடைப்பான், அழிப்பான் போலக் கருவிக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

கிராஃப் கொஞ்சம் சிக்கலானது. கிரேக்க மொழியில் 'கிராஃபெயின்' என்றால் கீறுதல், எழுதுதல். 1878-இல் ஆங்கிலேயக் கணிதர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர், வேதியியலில் அணுக்களையும் பிணைப்புகளையும் காட்டும் 'கிராஃபிக் ஃபார்முலா'வைச் சுருக்கி 'கிராஃப்' என்றார். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட அந்தக் கிராஃபைத் தமிழில் 'கோட்டுரு' என்கிறோம். நம் கருவி காட்டுவது அது அல்ல, சமன்பாட்டின் வளைகோடு. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். தமிழ் பிரித்துவைத்திருக்கிறது, நல்லதுதான்.

தமிழில் வேர் 'வரை'. கோடு இழுப்பதும் வரை, மலையும் வரை, எல்லையும் வரை. "வாளையார் வரைக்கும் பஸ் இருக்கு" என்னும்போது வருவதும் இதே சொல். சங்க இலக்கியத்தில் களவுக்குப் பின் வரும் திருமணம் வரைவு. மலையாளத்தில் கோட்டுக்கு 'வர' என்றே பெயர். எங்கள் பிள்ளைகள் பேச்சில் இரண்டும் கலந்தே வரும்.

சரி, கருவிக்கு வருவோம். இந்த வகையில் முதலாவது, 1985-இல் வந்த கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி. டிஐ-84 பிளஸ் 2004-இல் வந்தது. தொடங்குவது எளிது: 'ஒய் =' பொத்தானை அழுத்தி, எக்ஸ் வர்க்கம் என்று கொடுத்து, 'ஜூம்' அழுத்தி 6 கொடுங்கள். இரண்டு அச்சுகளும் மைனஸ் 10 முதல் 10 வரை விரியும், நடுவில் பரவளையம் (பாரபோலா) எழும். மைனஸில் மட்டும் கவனம்: கழித்தலுக்கு ஒரு பொத்தான், எதிர்ம எண்ணுக்கு அடைப்புக்குறிக்குள் கோடு போட்ட வேறொரு பொத்தான். மாற்றி அழுத்தினால் பிழை என்று சொல்லும். அப்புறம் சைன் எக்ஸ் போட்டுப் பார்த்தோம், திரையில் அலையே இல்லை! கருவி டிகிரியில் இருந்தது. பத்து டிகிரிக்கு சைன் மதிப்பு சுமார் 0.17 தான், அந்தத் திரையில் ஒரு புள்ளி உயரம்கூட இல்லை, கோடு அச்சோடு ஒட்டிவிட்டது. 'மோட்' போய், கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனுக்கு மாற்றியதும் அலை வந்தது.

'டிரேஸ்' அழுத்தி அம்புக்குறியால் பரவளையத்தின் மேல் நடந்தபோதுதான் எனக்குச் சொல் பிடிபட்டது. பூஜ்யத்திலிருந்து ஒரு அடி வலப்பக்கம் வைத்தால் எக்ஸ் 0.21276596 என்று காட்டுகிறது. ஏன் இந்தக் கோணல் எண்? மைனஸ் 10 முதல் 10 வரையுள்ள 20 அலகை 94 பங்காகப் பிரித்திருக்கிறது. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு மதிப்பைக் கணித்து, ஒரு புள்ளி வைத்து, அடுத்ததற்கு நகர்கிறது. கல்லை நகர்த்திய அதே வேலை. முன்பே எழுதிவைத்த படம் எதுவும் உள்ளே கிடையாது.

அதனால் 'படம்' எனக்கு வேண்டாம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கிராஃபை 'வரைபு' என்கின்றன. வரை என்ற வினையோடு பு சேர்ந்த பெயர். கணக்கில் ஃபங்ஷனைக் குறிக்கும் சார்பு என்பதும் அப்படி வந்ததுதானே? 'சார்பின் வரைபு' என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு எவ்வளவு இசைவாக இருக்கிறது! நிலப்படத்தோடு குழப்பமும் இல்லை.

பேச்சில் கிராஃப் கால்குலேட்டர் என்றே நானும் சொல்கிறேன். பலகையில் எழுதும்போது மட்டும் இப்போது 'வரைபுக் கணிப்பான்'. பள்ளிக் கணினியில் பழகிய ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளுக்கும் அந்தப் பெயர் பொருந்துமா என்று அந்தப் பெண்ணே அடுத்த வாரம் கேட்டாள். பொருந்தும் என்றேன்.