வெள்ளம் வடிந்த பிறகுதான் கரை சரிகிறது

ஆற்றங்கரைப் பாதையில் ஒரு சின்னப் பள்ளம் விழுகிறது. யாரோ ஜல்லி கொட்டி மூடுகிறார்கள். சில வாரத்தில் அதே இடம் மறுபடியும் இறங்குகிறது, மறுபடியும் ஜல்லி. கழிவுநீர்க் குழாய் வேலையில் இருக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி இது. நகரத்தின் கழிவுநீரை ஆற்றில் விடும் பெரிய குழாயின் வாய்ப்பகுதி கரையோடு சரிந்து விழுந்த ஓர் இடத்துக்கு அவசரமாகப் போயிருந்தேன். அங்கே தினமும் நடக்க வரும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "இந்தப் பள்ளத்தை ரெண்டு தடவை மூடினாங்க சார்."

குழாய் உடைந்ததால் மண் சரிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மண்தான் முதலில் போகிறது. குழாய் இணைப்பு சற்றே விலகியிருந்தாலும், ஆற்றில் நீர் ஏறும்போது நிலத்தடி நீர் அந்த இடுக்கு வழியாக உள்ளே கசியும். கூடவே பொடிமணலும் போகும். குழாயைச் சுற்றி வெற்றிடம் வளரும், மேலே பாதை மட்டும் கூரைபோல் நிற்கும். 2016 டிசம்பர் 24 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிரேசர் நகரில் பெரிய கழிவுநீர்க் குழாய் ஒன்று நொறுங்கி நிலம் உள்வாங்கியபோது, குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். எனக்குப் பயம் அப்போதுதான். ஆற்றுமட்டம் சட்டென்று இறங்கினாலும் கரைக்குள் ஊறிய நீர் அவ்வளவு வேகமாக வெளியேறாது. ஊறிக் கனத்த மண்ணுக்கு, அதுவரை எதிரே முட்டுக்கொடுத்த ஆற்றுநீர் இல்லாமல் போகிறது. கரை சரிகிறது.

சரிந்த பிறகு முதல் வேலை குழாய் அல்ல, அதில் வரும் தண்ணீர். கழிவுநீரை நிறுத்தச் சொல்லி ஊரைக் கேட்க முடியாது. மேலே உள்ள மேன்ஹோலில் அடைப்பான் வைத்து, பம்ப் போட்டு, நல்ல நிலையில் உள்ள வேறு குழாய்க்குத் திருப்ப வேண்டும். காலையில் ஊரே குளித்துத் துவைக்கும் நேரத்து வரத்துக்கு ஏற்ற பம்ப் வேண்டும். பக்கத்திலேயே மாற்று பம்ப் ஒன்றும் தயாராக நிற்க வேண்டும். வரத்து மிகக் குறைவாக இருக்கும் பின்னிரவில்தான் நாங்கள் இணைப்பு வேலைகளை வைத்துக்கொள்வோம்.

அடுத்தது வாயு. தேங்கிய கழிவுநீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். கான்கிரீட் குழாயின் உச்சியை அமிலமாக மாறி அரிப்பதும் இதுதான். 100 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து என்று கணக்கிடுகிறார்கள். ஏறக்குறைய அந்த அளவிலேயே மூக்கு மரத்து வாடை தெரியாமல் போய்விடும். "வாடை இல்லை, இறங்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மயங்கியவரைத் தூக்க வெறுங்கையோடு இறங்கியவரும் இறப்பது இந்த வேலையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வாயு அளவி, காற்று ஊதி, மேலிருந்து இழுக்கும் கயிற்றுப் பட்டை இவை இல்லாமல் எந்த அவசரத்துக்கும் யாரும் இறங்கக் கூடாது.

பிறகு ஷீட் பைல் எனும் இரும்புத் தகடுகளை மண்ணில் வரிசையாக இறக்கி ஆற்றைத் தடுத்து, உறுதியான பகுதிவரை பழைய குழாயை வெட்டியெடுத்து, புதியதைப் பதிக்கிறோம். கரையின் அடியில் பாறாங்கல்லை மட்டும் கொட்டிவிட்டுப் போனால் இடுக்கு வழியே ஆறு மண்ணை உறிஞ்சிவிடும். கீழே வடிகட்டும் துணியும் அதன்மேல் சிறு கல்லும் பரப்பிய பிறகே பெரிய கல் வர வேண்டும்.

வேலை முடியும்வரை கீழ்ப்பக்கம் குளிப்பதும் மீன் பிடிப்பதும் வேண்டாம். குடிநீருக்கு அங்கே நீர் எடுப்பவர்களுக்கு முதல் மணிநேரத்திலேயே தகவல் போக வேண்டும்.

கரையோரம் நடப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கரைக்கு இணையாக ஓடும் வெடிப்பு, புதிதாகச் சாய்ந்த மரம், மழையே இல்லாத நாளில் குழாய் வாயிலிருந்து செம்மண் கலந்து வரும் நீர், இவற்றில் எது தெரிந்தாலும் விலகி நின்று நகராட்சிக்குச் சொல்லுங்கள். பள்ளத்தை மூடாதீர்கள். பெரியவரைச் சந்தித்த அந்த இடத்தில் புதுக் குழாய் பதித்தபின் பழைய பகுதிக்குள் கேமரா அனுப்பினோம். நான்காவது இணைப்பிலேயே மணல் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே பாதை இன்னும் ஒரு விரல்கூட இறங்கியிருக்கவில்லை.