கழிமுகச் சேற்றில் நைட்ரஜன்: ஒரு பருவத்து அளவீடு ஏன் போதாது?

துறைமுகமோ அனல்மின் நிலையமோ, கடலோரத்தில் எது வந்தாலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் தரவுதான். காற்றுக்கும் இரைச்சலுக்கும் அது ஓரளவு ஒத்துவரலாம். வெள்ளாறு, கொள்ளிடம் போன்ற கழிமுகங்களின் அடிச்சேற்றுக்குச் சரிப்படாது. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அங்கே பெரும்பாலும் வெள்ளம் புரள்கிறது. அந்த மூன்று மாதமும் கணக்கிலேயே வருவதில்லை.

செத்த பாசியும் இலைதழையும் மட்கும்போது அவற்றின் நைட்ரஜன் அம்மோனியமாகிறது. ஆக்சிஜன் உள்ள மேல்படலத்தில் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. அந்த நைட்ரேட் ஆக்சிஜன் இல்லாத கீழ்ப்பகுதிக்கு இறங்கினால், வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். உரமும் சாக்கடையும் கொண்டுவந்த சுமையைச் சேறு கழிப்பது பெரும்பாலும் இப்படித்தான். களிச்சேற்றில் ஆக்சிஜன் இறங்குவதோ சில மில்லிமீட்டர்.

மே மாதத்தில் அந்தச் சில மில்லிமீட்டரும் சுருங்குகிறது. 30 டிகிரி வெப்பமும் 35 உப்புத்தன்மையும் (கிலோ நீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) உள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 6.2 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 25 டிகிரி நன்னீரில் 8-க்கு மேல். ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். வெயிலில் மட்கும் வேகம் கூட, இருக்கிற ஆக்சிஜனை அதுவே தின்றுவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத கறுப்பு அடுக்கு மேலேறும், அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றத்துக்குக் காரணமான சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் நைட்ரேட் உருவாவதைத் தடுக்கும். உள்ள நைட்ரேட்டையும் வாயுவாகப் போகவிடாமல் மறுபடி அம்மோனியமாக்கும் பாதைக்குத் திருப்பும். ஆக, கழிக்க வேண்டிய சேறே நீருக்கு நைட்ரஜனைத் திருப்பிக் கொடுக்கிறது.

நவம்பரில் கதை வேறு. வயலில் இட்ட உரத்தின் மிச்சம் வெள்ளத்தோடு நைட்ரேட்டாக வருவதால், சேறு மேலிருந்தே அதை எடுத்துக்கொள்ள முடிகிறது. அதே வெள்ளம் மேல்சேற்றை அரித்து, வளை தோண்டி ஆக்சிஜனை உள்ளே இறக்கும் புழுக்களையும் அடித்துப் போகலாம் என்பதால் லாபக் கணக்கு மட்டும் போடக்கூடாது. அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு: நன்னீரில் களிமண் துகள்கள் அம்மோனியத்தைப் பிடித்து வைக்கும், ஜனவரிக்குப் பிறகு உப்பு ஏற ஏற, கடல்நீரின் அயனிகள் அதைத் தள்ளிவிடும். அப்போது உயரும் அம்மோனியத்துக்குப் பக்கத்து இறால் பண்ணையைக் கைகாட்டுமுன் உப்புத்தன்மை அளவைப் பாருங்கள்.

ஆகவே குறைந்தது நவம்பர், பிப்ரவரி, மே, செப்டம்பர் என நான்கு முறை, ஒரே இடத்தில், ஓதத்தின் (கடல்நீர் ஏற்ற இறக்கத்தின்) ஒரே நிலையில் சேற்று மாதிரி எடுக்க வேண்டும். 6 செ.மீ. உள்விட்டமும் 35 செ.மீ. நீளமும் உள்ள அக்ரிலிக் குழாய் போதும். வத்தத்தில், அதாவது நீர் இறங்கியிருக்கும்போது, கையாலேயே அழுத்தலாம். 15 செ.மீ. சேறு, மேலே 15 செ.மீ. நீர் நிற்கட்டும். முதலில் மேல் அடைப்பான், பிறகு கீழ் அடைப்பான். மாற்றிச் செய்தால் சேறு நழுவிவிடும். குழாயை நிமிர்த்தியே கொண்டுசெல்லுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் பாக்டீரியாக்களின் வேகம் குறைந்து, மே மாதச் சேறு டிசம்பர் சேறு போல் நடந்துகொள்ளும்.

ஆய்வகத்தில் ஓர் இரவு மூடியில்லாமல், அதே இடத்து நீரில் காற்றூட்டி வைத்து, மறுநாள் இருட்டில், களத்து வெப்பநிலையிலேயே மூடி, மேலே நிற்கும் நீரில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் எவ்வளவு மாறுகின்றன என்று சோதிக்க வேண்டும். மூடிக்கடியில் ஒரு குமிழி இருந்தாலும் வாயு அளவுகள் பொய்க்கும். நீரைக் கலக்கும் கருவி மெதுவாகச் சுற்றட்டும். சேறு கிளம்பினால் அந்தக் குழாய் வீண். ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் விட்டால் களத்தில் இல்லாத ஆக்சிஜன் பஞ்சத்தை நாமே உண்டாக்கி அதை அளப்போம். வெறும் நீர் நிரப்பிய குழாய் ஒன்றும் கூடவே ஓடவேண்டும்.

கணக்கு எளிது. 4 மணி நேரத்தில் அம்மோனியம் லிட்டருக்கு 4 மைக்ரோமோலிலிருந்து (வேதிப்பொருளின் அளவைச் சொல்லும் சிறு அலகு) 10-க்கு ஏறினால், மணிக்கு 1.5. நீரின் உயரம் 0.15 மீட்டர் என்பதால், சதுர மீட்டருக்கு மணிக்கு 225 மைக்ரோமோல். வெறும் நீர்க் குழாயில் வந்த மாற்றத்தை இதிலிருந்து கழிக்க வேண்டும்.

ஒரே நாளில் எடுத்த நான்கு குழாய்களில் ஒன்றின் எண் மட்டும் எகிறினால் அதைத் தூக்கிப் போடுவது பரவலான பழக்கம். சோதனை முடிந்ததும் சேற்றைச் சீவிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு புழுவோ நண்டு வளையோ இருக்கும். வளையின் சுவரை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஓடும் மெல்லிய கோடு, அங்கே ஆக்சிஜன் இறங்கியதன் தடயம். அந்த எண்ணையும் வைத்துக்கொண்டு, களத்தில் சதுர மீட்டருக்கு எத்தனை வளை என்று எண்ணி அறிக்கையில் சேருங்கள். நாற்றமடிக்கும் மே மாத மாதிரியை மட்டும் சல்ஃபைடை நீக்காமல் காட்மியம் பத்திக்குள் (நைட்ரேட்டை அளப்பதற்காக நைட்ரைட்டாக மாற்றும், காட்மியம் நிரப்பிய குழாய்) விட வேண்டாம். பத்தி கெட்டு, அடுத்தடுத்த மாதிரிகளின் நைட்ரேட்டும் குறைவாகவே காட்டும்.