ஸ்டார்ட்டருக்கு ‘ரெஸ்ட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

டிசம்பர் முடிந்து ஜனவரி பிறக்கும் வாரங்களில் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடையே தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: பிளே ஆஃப் சுற்றுக்கு இடம் உறுதியான பிறகு, பயிற்சியாளர் ஸ்டார்ட்டர்களுக்கு ரெஸ்ட் கொடுக்கலாமா? இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஸ்டார்ட்டர், ரெஸ்ட், பிளே ஆஃப் என்ற மூன்று சொற்களுமே இடறுகின்றன. வழக்கமான மொழிபெயர்ப்புகளால் கேள்வியின் பொருளே மாறிவிடுகிறது.

நம் ஊரில் ஸ்டார்ட்டர் என்றால் டியூப் லைட்டில் மாட்டுவது, பம்ப்செட் அறையின் சுவரில் இருப்பது, ஹோட்டலில் சாப்பாட்டுக்கு முன்னால் வருவது. ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்பதன் பழைய பொருள் துள்ளி எழுவது. பந்தயத்தில் கிளம்பும் குதிரையும் ஸ்டார்ட்டர்தான். அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதல் அணி ஆடும் முதல் பந்தில் களத்தில் நிற்கும் 11 பேர், தடுப்பு அணி ஆடும் முதல் பந்தில் நிற்கும் 11 பேர், ஆக 22 பேர் ஸ்டார்ட்டர்கள். பந்தை உதைக்க மட்டும் வருபவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். பேச்சு வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் யார் முதல், யார் அடுத்து என்று பயிற்சியாளர் வைத்திருக்கும் பட்டியலில் முதல் வரிசையில் இருப்பவர். ரெஸ்ட் பற்றிய பேச்சில் இந்த இரண்டாவது பொருள்தான் வரும்.

‘முன்னணி வீரர்’ என்று எழுதுவது பொருந்தாது. முன்னணி என்றால் புகழும் சேர்ந்துவிடும். தாக்குதல் அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் நின்று, எதிரணியை இடித்துத் தள்ளி அவரைக் காக்கும் தாக்குதல் தடுப்பாளர்கள் ஐவரின் பெயர் பல ரசிகர்களுக்கே தெரியாது, ஆனால் அவர்களும் ஸ்டார்ட்டர்களே. கிரிக்கெட்டின் ‘ஆடும் லெவன்’ இங்கே உதவாது. அங்கே அதே 11 பேர் கடைசிவரை ஆடுவார்கள், இங்கே 40-க்கும் மேற்பட்டவர்கள் மாறி மாறி வருவார்கள். ஆகவே முதல்வரிசையர் என்பதே சரி. அடுத்து நிற்பவர் பதிலி. ஆங்கிலத்தில் இதே பொருளில் ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரிங்’ என்றும் சொல்வார்கள். வில்லாளி ஒரு நாண் அறுந்தால் மாட்ட இன்னொரு நாணைக் கையோடு வைத்திருப்பான், முதல் நாண், இரண்டாம் நாண் என்ற அந்தக் கணக்கிலிருந்து வந்த வழக்கு இது.

மூன்றிலும் சிக்கலானது ரெஸ்ட். குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங்கைப் பற்றி ‘மேனிங்குக்கு ஓய்வு’ என்று தலைப்பிட்டால் தமிழ்நாட்டு வாசகர் அவர் ஆட்டத்தையே விட்டுவிட்டார் என்று நினைக்க இடமுண்டு, ‘ஓய்வு பெற்ற ஆசிரியர்’ என்கிறோமே. ‘இளைப்பாறுதல்’ என்று போகலாமென்றால், இலங்கையில் ‘இளைப்பாறிய அதிபர்’ என்பவர் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ‘விடுப்பு’ யாழ்ப்பாணப் பேச்சில் ஊர்வம்பு. அணியிலிருந்து நீக்கப்பட்டவரையும் மரியாதைக்காக ‘ஓய்வு அளிக்கப்பட்டது’ என்று எழுதுவது கிரிக்கெட் செய்திகளில் வழக்கமாகிவிட்டது. எனவே எல்லையைச் சொல்லிலேயே வைத்து ஆட்ட ஓய்வு என்பது நல்லது.

பிளே ஆஃப் என்பது முதலில் சமநிலையை முறிக்கும் ஆட்டம். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். போட்டியில் முதல் பிளே ஆஃப் அப்படித்தான் வந்தது. 1932-இல் சிகாகோ பேர்ஸும் போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸும் முதலிடத்தில் சமமாக நின்றன. டிசம்பர் 18 அன்று சிகாகோவில் கூரையிட்ட அரங்குக்குள், வழக்கத்தைவிடக் குறுகிய களத்தில் ஆடி, பேர்ஸ் 9-0 என வென்றது. இன்று அதே சொல் 14 அணிகள் மோதும் ஒரு முழுச் சுற்றைக் குறிக்கிறது. ஒரு தோல்வியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், ஆகவே வெளியேற்றுச் சுற்று. ஐ.பி.எல். பிளே ஆஃபுக்கு இது பொருந்தாது, அங்கே முதல் இரண்டு அணிகளுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.

இனி ஆட்ட ஓய்வு நடைமுறையில் என்ன என்று பார்க்கலாம். 22 பேரையும் உட்காரவைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், முடியாது. அணியில் 53 பேர். அணியோடு பயிற்சி மட்டும் செய்யும் குழுவிலிருந்து ஓர் ஆட்டத்துக்கு 2 பேரை ஏற்றலாம், ஆக 55. ஆட்ட நாளில் 48 பேர் தயாராக இருக்கலாம், அதுவும் அவர்களில் 8 பேர் தாக்குதல் தடுப்பாளர்களாக இருந்தால்தான், இல்லையென்றால் 47. அன்று ஆடாதோர் பட்டியலை ஆட்டம் தொடங்க 90 நிமிடத்துக்கு முன் கொடுக்க வேண்டும். ஆக முழுதாக ஒதுக்கக்கூடியவர்கள் 7 அல்லது 8 பேர், அதிலும் ஏற்கெனவே காயம்பட்டவர்கள் இடம் பிடித்துக்கொள்வார்கள். மற்ற முதல்வரிசையர் சீருடை போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்கலாம், அல்லது கொஞ்ச நேரம் ஆடிவிட்டு வெளியேறலாம். தடுப்பாளர்கள் பாடு இன்னும் கடினம். ஓர் அணியில் 9 பேர் வைத்திருந்தால் ஐவருக்கும் ஓய்வு தர ஆளே இல்லை.

பாதி ஓய்வு இங்கேதான் ஆபத்தாகிறது. முதல் குவார்ட்டர்பேக்கைக் களத்திலேயே வைத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் இருக்கும் தடுப்பாளர்களை மட்டும் பதிலிகளாக மாற்றினால், அணியின் விலைமதிப்பில்லாத ஆளைப் பழகாத சுவருக்குப் பின்னால் நிறுத்துகிறோம். ஓய்வு தருவதானால் குவார்ட்டர்பேக்கை முதலில் எடுக்க வேண்டும். அவருடைய பதிலிக்கு அந்த வாரப் பயிற்சியில் முதல் இடத்தைக் கொடுத்து, பந்தைக் கையளிப்பவரோடு பந்து எப்போது கைக்கு வரும் என்று சொல்லும் எண்ணிக்கைக் குரலைப் பழக விட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் திடீரென இறக்கினால் என்னவாகும் என்பதை 2009 டிசம்பர் 27 காட்டியது. 14 ஆட்டங்களிலும் வென்றிருந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி, நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக 15-10 என முன்னிலையில் இருந்தபோது பயிற்சியாளர் ஜிம் கால்டுவெல் மூன்றாம் கால்பகுதியில் பெய்ட்டன் மேனிங்கை வெளியே எடுத்தார். உள்ளே வந்த பதிலி கர்ட்டிஸ் பெயின்ட்டரின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு ஜெட்ஸ் புள்ளி சேர்த்தது. முடிவில் ஜெட்ஸ் 29-15 என வென்றது. அந்த வெற்றியின் தெம்பில் ஜெட்ஸும் வெளியேற்றுச் சுற்றுக்குள் வந்தது.

ஒரு வாரம் கழித்து மறுபக்கம் தெரிந்தது. பிரிவில் முதலிடத்தை உறுதி செய்திருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், ஹூஸ்டனில் பந்தைப் பிடித்து ஓடும் முதல்வரிசையர் வெஸ் வெல்கரை ஆடவிட்டது. எதிராளி தொடாமலேயே அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த வாரம் பேட்ரியட்ஸ் ரேவன்ஸிடம் 33-14 எனத் தோற்று வெளியேறியது.

ஓய்வு தந்தால் ‘துரு’ பிடிக்கும் என்பது எதிர்வாதம். 2019 பருவத்தில் ரேவன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் டிசம்பர் 22-க்குப் பிறகு 20 நாள் ஆடாமல் இருந்து, டைட்டன்ஸிடம் 28-12 எனத் தோற்றார். ஆனால் 2024 பருவத்தில் சீஃப்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் டிசம்பர் 25-க்குப் பிறகு 24 நாள் ஆடவில்லை. அவர் இல்லாத சீஃப்ஸ் டென்வரில் 38-0 என நசுங்கியது, அவர் திரும்பிய ஆட்டத்தில் டெக்சன்ஸை 23-14 என வென்றது. இடைவெளி மட்டும் யாரையும் தோற்கடிப்பதில்லை. வாரத்தில் முழு வேகப் பயிற்சி நடந்தால் துரு பிடிக்காது, தசைநார் கிழிந்த முழங்காலுக்கோ அந்தப் பருவத்தில் மாற்று மருந்தே இல்லை. எங்கள் முடிவு: தரவரிசை இடம் இனி மாறாது என்றால் ஓய்வு தர வேண்டும். முதலிடத்துக்கு மட்டும் கிடைக்கும் ‘பை’ வாரமும் சேர்ந்து வந்தால், துருவுக்கு அஞ்சும் பயிற்சியாளர் முதல் ஒன்றிரண்டு தாக்குதல்களை ஆடவிட்டுக் கையோடு எடுத்துவிடலாம், அதற்கு மேல் வேண்டாம். பையும் கிரிக்கெட்டின் பை ரன்னும் ஒரே சொல்தான், ஓரமாக ஒதுங்கிப் போவது என்பது பொருள். எதிராளி இல்லாமல் அடுத்த சுற்றுக்குப் போவதைத் தமிழில் ஆடாமல் ஏற்றம் எனலாம்.

2025 ஜனவரி 5 செய்தியை இச்சொற்களால் இப்படி எழுதலாம்: “ஈகிள்ஸ் பயிற்சியாளர் நிக் சிரியானி, இரண்டாம் தரவரிசை இடம் உறுதியானதால் முதல்வரிசையர் பலருக்கு ஆட்ட ஓய்வு தந்தார். அந்தப் பருவத்தில் பந்துடன் 2,005 கெஜம் ஓடியிருந்த சாக்வான் பார்க்லி, எரிக் டிக்கர்சனின் 1984-ஆம் ஆண்டு ஒரு பருவச் சாதனையான 2,105-ஐ முந்த 101 கெஜமே தேவைப்பட்டும் களமிறங்கவில்லை. பதிலிகள் ஜயன்ட்ஸை 20-13 என வென்றனர். அடுத்த வாரம் தொடங்கிய வெளியேற்றுச் சுற்றில் ஈகிள்ஸ் தோல்வியே காணாமல் சூப்பர் பவுல் கோப்பையை வென்றது.”