எழுத்தாளர் பெயரை மறைத்த விரல்

எங்கள் கிளை நூலகத்துக்கு வரும் கல்லூரி மாணவர்கள் இப்போதெல்லாம் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. கைபேசியைத் திருப்பிக் காட்டி, "சார், இது இருக்கிறதா?" என்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் யாரோ கையில் பிடித்திருந்த புத்தகத்தின் அட்டை அது. எழுதியவர் பெயரைப் பெரும்பாலும் அந்தக் கையின் விரல் மறைத்திருக்கும்.

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நானும் வார இதழ்த் தொடர்கதைக்கு வரைந்திருந்த ஓவியத்தில் மயங்கித்தானே கதைக்குள் நுழைந்தேன்? படம் பார்த்து வந்தவன் படம் பார்த்து வருகிறவர்களைப் பழிப்பது நியாயமில்லை.

என் கவலை வேறு. கேட்ட புத்தகம் இல்லை என்றதும் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அடுக்கு பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது, எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கைபேசியில் பெயரைத் தட்டினால் அந்தப் புத்தகம் வரும், அல்லது நேற்றுப் பார்த்ததைப் போலவே இன்னொன்று வரும். அடுக்கில் தேடும்போதுதான் அந்தப் புத்தகத்தின் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படுவார். நான் விரும்பிப் படித்தவற்றில் பாதி, வேறொன்றைத் தேடிப்போய்க் கையில் அகப்பட்டவை.

சீர்காழியில் பிறந்த, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவது விதி. அதனால்தான், வாசகரே அடுக்குக்குப் போய் எடுத்துக்கொள்ளும் திறந்த முறையை அவர் வலியுறுத்தினார். பூட்டைத் திறந்துவிட்டோம், உள்ளே நடந்து போகத்தான் ஆளில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலை முதல் மாலை வரை அந்த அடுக்குகளுக்கு முதுகைக் காட்டியபடி சொந்த வழிகாட்டி நூல்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாதவர்கள்.

தயங்கி நிற்பவர்களிடம், இரவல் கொடுக்கும்போதெல்லாம் தேதி முத்திரை குத்துவதற்காகப் புத்தகத்துக்குள் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்க்கச் சொல்வேன். முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் ஊரில் பலர் படித்திருக்கிறார்கள் என்று பொருள். காசு கொடுத்த பரிந்துரை அல்ல. நாற்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிய புத்தகம்தான் முடிக்கச் சொல்லி அலமாரியிலிருந்து முறைக்கும். இரவல் புத்தகம் அப்படிச் செய்யாது.

டெலிகிராமில் சுற்றும் திருட்டுப் பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலவசமாகத்தான் வேண்டுமென்றால் மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறது. நாட்டுடைமையான நூல்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. நேற்று எழுதியவரின் பிழைப்பில் கை வைக்க வேண்டியதில்லை.

2022 செப்டம்பர் இறுதியில் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது எங்களிடம் அந்த நாவலின் ஐந்து பாகங்களில் முதலாவது அடுக்கில் தங்கவே இல்லை. முதல் பாகத்தின் தேதிச் சீட்டு நிரம்பி, அதன் மேல் புதிதாக ஒன்று ஒட்டினேன். ஐந்தாம் பாகத்தில் அந்த ஆண்டுக்குப் பின் விழுந்தவை ஏழே முத்திரைகள். அந்த ஏழு பேரில் ஒரு பெண் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, "சோழர்களைப் பற்றிக் கதையாக இல்லாமல் வரலாறாக ஏதாவது இருக்கிறதா சார்?" என்று கேட்டாள். அடுக்கைக் கை காட்டினேன். பூட்டும் நேரம்வரை அங்கேயே நின்றிருந்தாள். அவள் எடுத்துவந்த நூலில் கடைசி முத்திரை 2009-இல் விழுந்திருந்தது.