பிள்ளை பிறந்ததோடு போகாத பிறஷர்

திருகோணமலைப் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் 31ஆம் நாள் துடக்குக் கழிப்பார்கள். தாயின் பத்தியமும் அதன்பின் மெல்லத் தளரும். கர்ப்பத்தில் பிறஷர் ஏறி, முகமும் காலும் வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்த கதையும் அதோடு மறந்துபோகும். 'பிள்ளை பிறந்தது, பிறஷரும் இறங்கிவிட்டது' என்று ஆறுதல்படுவார்கள். அந்த ஆறுதலில் பாதிதான் உண்மை.

கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பின் குருதியமுக்கம் 140/90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போனால் அது பிரீஎக்லாம்சியா. புரதம் போகாமல் ஈரலோ சிறுநீரகமோ பாதிக்கப்படுவதும் உண்டு. கோளாறின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பையின் சுருள் நாடிகள் கர்ப்பத்தின் முற்பாதியிலேயே நன்றாக அகல வேண்டும். அகலாமல் ஒடுங்கிக் கிடந்தால் நஞ்சுக்கொடிக்குக் குருதி போதாது. அப்படி வாடும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் குருதியில் கலக்கவிடுகிறது. குருதிக் குழாய்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை அவை பிடித்து முடக்கிவிடுகின்றன. உட்சுவர் கெட்டால் குழாய் இளகாது, இறுகும். பிறஷர் ஏறுவது இப்படித்தான்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்தப் புரதங்கள் குறைந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்துக்குள் பிறஷர் பழைய அளவுக்கு வந்துவிடும். சரி, உட்சுவர்? அது பலருக்கு முழுதாக ஆறுவதில்லை. இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்தபடியே இருப்பதும் உண்டு. சிலருக்குக் குழாய்கள் முன்பே நலிந்திருக்கும். கர்ப்பத்தின் சுமை அதை வெளியே காட்டிவிடுகிறது.

30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவைத் திரட்டி 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இந்நோய் வந்தவர்களுக்குச் சராசரி 14 ஆண்டுகளில் உயர் குருதியமுக்கம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3.7 மடங்கு. மாரடைப்பும் பாரிசவாதமும் ஏறக்குறைய இரு மடங்கு. 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க நேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

பிறஷர் வலிக்காது, அதுதான் எனக்குக் கவலை. கிளினிக்குக்குப் போய்ப் பிள்ளையைத் தவறாமல் நிறுக்கும் தாய், தன் கையை நீட்டிப் பிறஷர் பார்ப்பதில்லை. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகங்களில் பெண்களின் நலம் பார்க்கும் வெல் வுமன் கிளினிக் 35 வயதுப் பெண்களை அழைக்கிறது. 24 வயதில் பிரீஎக்லாம்சியா வந்தவர் அதுவரை காத்திருக்கவே கூடாது. ஆண்டுக்கொரு தடவையாவது பார்க்க வேண்டும்.

ஆரம்பத்திலேயே கவனித்தால் பலன் இருக்கிறது. கர்ப்ப காலப் பிறஷருக்காகப் பிரசவத்தின் பின்னும் மருந்து எடுத்த 220 தாய்மாரை வைத்து ஒக்ஸ்போர்டில் ஓர் ஆய்வு நடந்தது. வீட்டிலேயே தினமும் அளந்து, அதற்கேற்ப டொக்டரின் வழிகாட்டலில் மருந்தைக் கூட்டிக் குறைத்தவர்களுக்கு, 9 மாதத்தில் பிறஷரின் கீழ் அளவு (140/90இல் 90 போன்ற இரண்டாவது எண்) மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 புள்ளி குறைவாக இருந்தது. முடிவு 2023இல் வெளிவந்தது.

சாப்பாட்டில் உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் நிற்க வேண்டும். கருவாடு நம்மூர்ச் சோற்றோடு ஒட்டிப் பிறந்தது, விடச் சொல்ல மனம் வரவில்லை. நன்றாக ஊறவைத்துக் கழுவி, அளவாகச் சமையுங்கள். அடுத்த கர்ப்பம் என்றால் தொடக்கத்திலேயே டொக்டரிடம் போங்கள். 16 வாரத்துக்கு முன் தொடங்கும் குறைந்த அளவு அஸ்பிரின் நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும்.

அப்புறம், அந்தக் கர்ப்ப அட்டையைப் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். 45 வயதில் நெஞ்சு அடைக்கிறது என்று போகும்போது புது டொக்டர் பழைய பிரசவத்தைப் பற்றிக் கேட்காமல் விடலாம். நீங்களாகவே சொல்லுங்கள்: "வயித்துப் பிள்ளையோட இருந்த நேரம் எனக்குப் பிறஷர் வந்தது, டொக்டர்."